காய்ச்சல் எத்தனையாவது நாள்? அன்டிஜன் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை டெங்கு ரிப்போர்ட் ஒன்றை எழுதி என் கையெழுத்துக்கு நீட்டினாள். ‘டெங்கு – நெகட்டிவ்.’ முத்து முத்தான எழுத்து. எனக்கோ அடிவயிறு பிசைந்தது. அதே இரண்டு சொற்களை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

கையுறை போடு, குழாயில் பெயரைச் சரிபார், காலாவதித் திகதியைப் பார் என்பதெல்லாம் இங்கே கிடையாது. அவை ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. இருபது வருடத்துக்கு மேலாக மலையகத்து ஆஸ்பத்திரிகளில் இரத்தக் குழாய்களோடு காலம் தள்ளிய எனக்கு, சுவரில் ஒட்டப்படாத தவறுகள்தான் கவலை.

பெயரிலேயே ஒரு குழி

உயர்தர உயிரியல் புத்தகத்தில் அன்டிஜனுக்குப் ‘பிறபொருளெதிரியாக்கி’ என்று பெயர். அன்டிபொடிக்குப் ‘பிறபொருளெதிரி’. இடையில் ஒரு ‘யாக்கி’தான் வித்தியாசம். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிய பிள்ளைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகமாகத் தெரியும். அந்தக் குழப்பத்தோடேயே ஆய்வுகூடத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. தோட்டத்து லயத்துப் பக்கம் சிறுத்தை வருவது நமக்குப் புதிதல்ல, நாயைத் தூக்க வரும். அன்டிஜன் என்பது சிறுத்தையின் புள்ளித் தோல். கிருமியின் மேலேயோ, கிருமி வெளியே விடுகிற புரதத்திலோ இருக்கும் அடையாளம் அது. அன்டிபொடி என்பது நாய் குரைக்கும் சத்தம் கேட்டு டோர்ச்சும் தடியுமாகக் கூடுகிற ஆட்கள். சிறுத்தை முதலில் வரும், ஆட்கள் கூடக் கொஞ்ச நேரம் எடுக்கும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் சிறுத்தை இருக்காது, ஆட்கள் மட்டும் ரோட்டில் நிற்பார்கள். ‘சிறுத்தையைக் காணோம், அதனால் வரவே இல்லை’ என்று அப்போது யாராவது எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

நாள் தெரியாமல் என்எஸ்1 பார்ப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிற தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெங்கு வைரஸ் புகுந்த கலங்கள் என்எஸ்1 என்ற புரதத்தை இரத்தத்தில் விடுகின்றன. காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அது அகப்படும். முதல் மூன்று நாளில் பிடித்தால் நல்ல நம்பிக்கை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். அந்த நேரத்தில்தான் ஐஜிஎம் அன்டிபொடி மெல்லத் தலைகாட்டும். ஆகவே என்எஸ்1 நெகட்டிவ் என்ற முடிவுக்கு, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பது தெரியாவிட்டால், பாதி அர்த்தம்கூட இல்லை.

என் கதை இது. தீபாவளிக்கு முதல் கிழமை. புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பையன், இருபத்திரண்டு வயசிருக்கும், காய்ச்சலோடு ஊருக்கு வந்திருந்தான். கொழும்பிலேயே மூன்று நாள் பனடோல் போட்டுச் சமாளித்து, இரவு பஸ்ஸில் ஏறி, வீட்டில் இரண்டு நாள் படுத்திருந்து, ஆறாம் நாள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தான். பரிசோதனைத் துண்டில் ‘டெங்கு அன்டிஜன்’ என்று மட்டும் இருந்தது. நாள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கிட்டில் ஒரே கோடு, கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும். நான் ‘டெங்கு – நெகட்டிவ்’ என்று எழுதி அனுப்பினேன். அன்று வெளியே நின்ற வரிசை கேட் வரைக்கும் இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், காய்ச்சலும் இறங்கியிருந்ததால், வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாள் இரவு தோட்டத்து லொறியில் கொண்டுவந்தார்கள். கை கால் சில்லென்று இருந்தது, வயிற்று வலி, நாடி பிடிக்கவே முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பி, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடந்து பிழைத்தான். பிழைத்த பிறகு அவனுடைய அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பை தேயிலைத்தூள். “நீங்கதானே சேர் டெஸ்ட் பண்ணுனது, நல்லா இருக்கணும்” என்றார். நான் எழுதிய ரிப்போர்ட்டால்தான் மகன் ஒரு நாள் வீட்டில் கிடந்தான் என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தேயிலையை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். வைரஸ் குறைந்துகொண்டிருக்கும், உடம்பின் எதிர்ப்போ உச்சத்துக்குப் போகும், இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். சிறுத்தை போன பிறகு, அதை விரட்ட வந்த கூட்டத்தின் தள்ளுமுள்ளில் லயத்துக் கூரை உடைகிற மாதிரி. கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கலாம். நாங்கள் ‘நெகட்டிவ்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிய நேரமும் சரியாக அதே நேரம்.

இன்னொரு வில்லங்கம். டெங்குவில் நான்கு வகை வைரஸ் உண்டு. முன்பு ஒரு வகை வந்து போனவருக்கு இரண்டாவது வகை வரும்போது, பழைய அன்டிபொடிகள் என்எஸ்1ஐ முதலிலேயே பற்றிக்கொள்கின்றன. அதனால் கிட்டுக்கு அது அகப்படாமல் போவது கூடுதல். கடுமையான டெங்குவுக்குப் போகும் வாய்ப்பும் இந்த இரண்டாம் தடவைக்காரருக்குத்தான் அதிகம். யாரைத் தவறவிடக் கூடாதோ அவரைத்தான் கிட் தவறவிடுகிறது.

அந்தப் பையனின் இரத்தம் ஊதா மூடிக் குழாயில்தான் வந்திருந்தது. அதே குழாயில் எஃப்பிசி, அதாவது முழு இரத்த எண்ணிக்கை, பார்த்திருந்தால் குருதிச் சிறுதட்டுகள் சரிந்துகொண்டிருப்பது தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை, நானும் “போடவா?” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

எஃப்பிசியிலும் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கசிவு தொடங்கினால் பிசிவி, அதாவது இரத்தத்தில் செவ்வணுக்களின் சதவீதம், ஏறும். நம் தோட்டத்துப் பெண்களில் பலருக்கு ஏற்கனவே இரத்தச்சோகை. ஒருத்திக்கு வழக்கமாக 30 இருந்தால், 36 என்பது ஐந்திலொரு பங்கு ஏற்றம். புத்தகத்தை மட்டும் பார்ப்பவருக்கு 36 சாதாரணம். பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

‘மேலே குளிர், நுளம்பு இல்லை, இங்கே எங்கே டெங்கு’ என்று சொல்பவர்களை இப்போதும் பார்க்கிறேன். நுளம்பு பஸ் ஏற வேண்டியதில்லை, பையன் ஏறி வந்தால் போதும். நாடு முழுவதும் 186,000க்கும் மேல் டெங்கு நோயாளர் பதிவான 2017இல், கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் காய்ச்சலோடு மலையேறினார்கள் என்பது அந்த வருடம் ஆய்வுகூடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். ‘கொழும்பிலிருந்து எப்போது வந்தாய்’ என்பதும் காய்ச்சல்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

சரி, என்ன எழுத வேண்டும்? ‘டெங்கு நெகட்டிவ்’ என்று எழுதவே கூடாது. ‘என்எஸ்1 அன்டிஜன்: கண்டறியப்படவில்லை. காய்ச்சல் 6ஆம் நாள்.’ இவ்வளவுதான். நாள் எழுதாத துண்டு வந்தால் வார்ட்டுக்குப் போன் போடுங்கள். நர்ஸ் மிஸ் சலித்துக்கொள்வார், போடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. ஐஜிஎம் பொசிட்டிவ் என்றால் இன்றைய காய்ச்சல் டெங்குதான் என்று முடிவு கட்டாதீர்கள். தீபாவளிக்கு வந்த டெங்குவின் ஐஜிஎம் தைப்பொங்கல் வரைக்கும் நிற்கலாம். நெடுநாள் நிற்கிற அன்டிபொடியான ஐஜிஜி மட்டும் என்றால் இன்னும் பழைய கதையாக இருக்கலாம்.

ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த கையோடு உறையைக் கிழிப்பது

குளிர்ந்த கிட்டில் நம் மூடுபனியின் ஈரம் உட்காரும். உறை மூடியிருக்கும்போதே அறை வெப்பத்துக்கு வரட்டும், பிறகு கிழியுங்கள். பல கிட்டுகளுக்கு 15 பாகைக்குக் கீழே வேலை ஆகாது. நுவரெலியாவில் ஜனவரி காலை ஏழு மணிக்கு ‘அறை வெப்பம்’ என்றால் என்ன என்பதைத் தெர்மொமீட்டரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நேரம்

கிட் துண்டில் 15 நிமிடம் என்று போட்டிருந்தால் 15 நிமிடம். அதற்குள் வந்த மங்கல் கோடு பொசிட்டிவ். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது தெரிகிற கோடு கணக்கில் இல்லை.

குளிரில் ஒட்டிக்கொள்ளும் இரத்தம்

இரத்த வகை பார்ப்பதும் அன்டிஜன் பார்ப்பதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். விஞ்ஞானி லான்ட்ஸ்டைனர் 1901இல் மனித இரத்தத்தை வகை பிரித்துக் காட்டியதே செவ்வணுக்களின் மேலுள்ள ஏ, பி அன்டிஜன்களை வைத்துத்தான்.

சிலருடைய இரத்தத்தில் குளிரில் மட்டும் வேலை செய்கிற அன்டிபொடிகள் இருக்கும். இரத்தம் கலக்கும் ஓடு சில்லென்று, வகை பார்க்கும் சீரமும் ஃப்ரிஜ்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்தது என்றால், செவ்வணுக்கள் தாமாகவே திரளும். ஓ வகைக்காரர் ஏபி போலத் தெரிவார். கொழும்பில் படித்து வந்த பிள்ளைக்கு இது அனுபவத்தில் இருக்காது. நான் ஒரு டிசம்பரில் இப்படி ஏமாந்தேன். நோயாளியின் சீரத்தைத் தெரிந்த அணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் மறுதலைப் பரிசோதனை அன்று என்னைக் காப்பாற்றியது. இரண்டும் பொருந்தாவிட்டால் நிறுத்துங்கள். 37 பாகையில் சூடாக்கி, அணுக்களைக் கழுவி, மறுபடி பாருங்கள்.

ஆர்எச் டி அன்டிஜன் விஷயத்தில் இன்னொன்று. இரத்த வகையோடு பொசிட்டிவ், நெகட்டிவ் என்று போடுவது இதை வைத்துத்தான். தாய் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு அன்டி-டி ஊசி போட வேண்டும். பிள்ளையின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் கலந்திருந்தால், தாயின் உடம்பு அந்த அன்டிஜனை அடையாளம் கண்டு பழகுவதற்கு முன்பே அவற்றை அகற்றிவிடுகிற வேலை அது. அடுத்த கர்ப்பத்துப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் இந்த ஊசி. பிரசவத்துக்கு எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கரு கலைந்து வந்தவருக்குத்தான் மறந்துவிடுகிறார்கள். அந்த அக்காவும் யாரிடமும் சொல்லாமல் மறுநாள் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்.

தடுப்பூசி போட்ட கிழமையில் எச்பிஎஸ்ஏஜி பார்ப்பது

பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டு நாலாம் நாள், கிட்டைப் பழகிப் பார்க்கத் தன் இரத்தத்தையே போட்டான். கோடு விழுந்தது. முகம் வெளிறிப்போய் மூலையில் உட்கார்ந்துவிட்டான். அந்தத் தடுப்பூசியில் இருப்பதே எச்பிஎஸ்ஏஜிதான். ஈஸ்டில் தயாரித்து எடுத்த வைரஸின் மேற்பரப்பு அன்டிஜன் அது. போட்ட சில நாட்களுக்கு அது இரத்தத்திலேயே தெரியலாம். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தோம், கோடு இல்லை.

புளும்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இந்த அன்டிஜனைக் கண்டார், 1976இல் நோபல் பரிசும் பெற்றார். நோயைக் காட்டிக்கொடுத்த அதே அன்டிஜன்தான் பிறகு தடுப்பூசியும் ஆனது. தம்பிக்கு அன்றைக்கு இந்தக் கதையைக் கேட்கிற மனநிலை இல்லை.

மான்டூ ஊசியில் சிவப்பை அளப்பது

காசநோய்க் கிருமியின் அன்டிஜனைத் தோலுக்குள் ஏற்றிப் பார்க்கும் பரிசோதனை இது. தடிப்பை அளவிடுங்கள். விரலால் தடவி, மில்லிமீட்டரில், 48 முதல் 72 மணி நேரத்துக்குள். சிவப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் கணக்கில் இல்லை.

பிஎஸ்ஏ, சிஇஏ

கட்டாரில் இருக்கும் மகன் காசு அனுப்பி, அப்பாவுக்கு ‘ஃபுல் செக்கப்’ போடச் சொல்வார். பட்டியலில் இந்த இரண்டும் இருக்கும், பிஎஸ்ஏ புரஸ்டேட் சுரப்பிக்கு, சிஇஏ குடல் போன்ற இடத்துப் புற்றுநோய்களுக்கு. இரண்டின் பெயரிலும் அன்டிஜன் உண்டு, இரண்டுமே சாதாரண உடம்பிலும் கொஞ்சம் இருப்பவைதான். சிறுநீர்க்குழாய் போட்டிருந்தால், கிருமித் தொற்று இருந்தால், வயதோடு சுரப்பி வீங்கியிருந்தால் பிஎஸ்ஏ ஏறும். புகைப்பவருக்குச் சிஇஏ கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும். எண்ணைப் பார்த்தவுடன் ‘கேன்சராம்’ என்று கவுண்டரில் நின்று சொல்பவரை என் ஆய்வுகூடத்தில் வைத்திருக்க மாட்டேன்.

கட்டியைச் சேலைனில் போட்டு அனுப்புவது

மார்பகக் கட்டியில் ஹெர்2 என்ற அன்டிஜன் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துத்தான், அதையே குறிவைக்கும் ட்ரஸ்டுசுமாப் மருந்து கொடுப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். வெட்டி எடுத்த துண்டு உடனே, அழுகாமல் காக்கும் ஃபோர்மலினில் போக வேண்டும், நிறைய ஃபோர்மலினில். 6 மணி நேரமாவது ஊற வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வெட்டி, சேலைன் போத்தலில் போட்டு, திங்கட்கிழமை வேனில் அனுப்பிய துண்டு ஒன்றை நான் கையில் வாங்கியிருக்கிறேன். மூடியைத் திறந்ததும் வாடை வந்தது. அதில் ஹெர்2 பார்க்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அந்த அம்மாவை மறுபடி பண்டாரவளையிலிருந்து பஸ் ஏறி வரச் சொல்லிப் போனில் பேசியவனும் நான்தான்.