ஊர் அறிவிப்பும் கடைத் திறப்புச் செய்தியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு நகரத்துப் பேருந்து நிலையச் சுவரில் கும்பாபிஷேகம், இலவசக் கண் சிகிச்சை முகாம், புது ஜவுளிக்கடை திறப்பு, கபடிப் போட்டி, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும். அதே படங்கள்தான் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகின்றன. இவற்றை நம்பித்தான் பக்கத்துக் கிராமத்து மூதாட்டி கூலி வேலையை விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறி வருகிறார். தேதி ஒன்று பிசகினால் அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் நேரமும் போச்சு. கேள்வி கேட்க அவரிடம் போன் நம்பர்கூட இருக்காது. விழாக்குழு, சங்கம், கடை, ஊர்க்குழு அட்மின் என்று அறிவிப்பு எழுதும் எல்லோரும் அவரை மனதில் வைத்தே எழுத வேண்டும்.

தேதியில்தான் முதல் கோளாறு

‘இன்று மாலை 5 மணிக்கு’, ‘நாளை காலை’, ‘வரும் ஞாயிறு’. போஸ்டருக்கே இது ஆகாது, வாட்ஸ்அப்புக்கு அறவே ஆகாது. செவ்வாய் அனுப்பிய ‘நாளை’ வியாழக்கிழமையும் யாரோ ஒருவர் கைபேசியிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும். போன வருட ‘நாளை’ இந்த வருடம் திரும்பி வருவதும் உண்டு. தேதி, மாதம், ஆண்டு, கிழமை நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். குறிப்பாக ஆண்டு. அதை விட்டுவிடுவதால்தான் பழைய முகாம் நோட்டீஸ் எல்லாம் புதிதுபோல் உயிர் பெறுகின்றன.

தேதியும் கிழமையும் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அச்சகத்தில் போன வருட ஃபைலைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றிவிட்டுக் கிழமையை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரே தேதி அடுத்த வருடம் ஒரு கிழமை தள்ளி வரும். நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். 2025இல் ஆகஸ்ட் 15 வெள்ளி, 2026இல் சனி. புரூப் வந்ததும் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு கிழமையைச் சரிபார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். ஆயிரம் நோட்டீஸ் அடித்த பிறகு பேனாவால் திருத்துவதற்கு ஒரு ராத்திரி ஆகும்.

தமிழ் மாதத் தேதியை மட்டும் போடுவதும் தவறு. ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும். எதுவென்று படிப்பவர் தேடட்டும் என்று விடக்கூடாது. அமாவாசை, பௌர்ணமி நிகழ்ச்சிகளில் இன்னும் கவனம் தேவை. திதி ஒரு நாள் மாலை தொடங்கி மறுநாள் வரை ஓடும்போது, ‘அமாவாசை அன்று அன்னதானம்’ என்று மட்டும் போட்டால் பாதிப் பேர் முந்தின நாளே வந்து நிற்பார்கள்.

நள்ளிரவு தாண்டிய நேரம் இன்னொரு கண்ணி. ‘வெள்ளி இரவு 1 மணிக்கு பூக்குழி’ என்று எழுதினால் நம் பேச்சுவழக்கில் வெள்ளி ராத்திரி கண்விழித்திருந்து காண்பது. கடிகாரப்படி அது சனிக்கிழமை. வெளியூரிலிருந்து பஸ் டிக்கெட் போடுகிறவர் எந்த நாளுக்குப் போடுவது? ‘வெள்ளி இரவு விடிந்தால் சனி, அதிகாலை 1.00 மணி’ என்று இரண்டு கிழமையும் வரட்டும். கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஒருவரும் தவற விடமாட்டார்கள்.

கடைத் திறப்பு அழைப்பிதழில் ‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று முகூர்த்தம் போடுகிறோம். அது குத்துவிளக்கு ஏற்றும் நேரம். விற்பனை எப்போது தொடங்கும் என்பது தனி வரியாக வேண்டும். இல்லையென்றால் ஒன்பது மணிக்கே பையோடு வருகிறவர் வெயிலில் நிற்பார். முகூர்த்த நேரத்தை வைத்தே கிழமைப் பிழையையும் பிடிக்கலாம்: அதே 9.00 முதல் 10.30 வரை சனிக்கிழமையில் ராகுகாலம். அழைப்பிதழில் சனி என்றிருந்தால், கிழமையோ நேரமோ ஒன்று தவறாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உடனே கடைக்காரரிடம் கேளுங்கள்.

தேதி குறிக்கும் முன் சந்தை நாளைப் பாருங்கள்

வாரச் சந்தை உள்ள ஊரில் சந்தை நாளன்று காலையில் பொதுக்கூட்டமோ ஊர்வலமோ வைத்தால் சாலை அடைபடும், வியாபாரிகளும் வரமாட்டார்கள். மணப்பாறை மாட்டுச் சந்தை செவ்வாய் இரவிலிருந்தே களைகட்டத் தொடங்கிவிடும். போச்சம்பள்ளியில் ஞாயிறுதான் சந்தை. அப்படிப்பட்ட ஊரில் ஞாயிறு விடுமுறைதானே என்று ரத்ததான முகாம் வைத்தால் சந்தைக்கு வந்தவர்கள் சுமையோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மருத்துவ முகாமைப் பொறுத்தவரை, சந்தைக்கு மறுநாள்தான் பல ஊர்களில் ஆள் கிடைக்கும் நாள்.

மாதாந்திர மின் பராமரிப்பு நாளையும் கேட்டுவிடுங்கள். காலை 9 மணிக்கு நின்ற மின்சாரம் மாலைவரை வராமல் போகலாம். கண் பரிசோதனைக் கருவி, மைக், மோட்டார் எல்லாம் நின்றுவிடும். பகுதி மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். மின்தடைச் செய்தியைக் குழுவில் பகிர்பவர்கள் செய்யும் தவறு வேறு: துணை மின்நிலையத்தின் பெயரை மட்டும் எடுத்துப் போட்டு, கீழே உள்ள கிராமப் பட்டியலை வெட்டிவிடுவது. ஒரு துணை மின்நிலையத்துக்குக் கீழ் இருபது ஊர் இருக்கும். தன் ஊர் அதில் உண்டா என்பதைத்தான் மக்கள் தேடுகிறார்கள்.

‘வழக்கமான இடத்தில்’

உள்ளூர்க்காரருக்கு மட்டும் புரியும் சொல் இது. பேருந்து நிலையம் புறநகருக்கு மாறிய ஊர்களில் ‘பஸ் ஸ்டாண்ட் அருகில்’ என்றால் பழையதா, புதியதா என்பதே தெரியாது. திருமண மண்டபங்களில் ஒரே சாமி பெயரில் இரண்டு மூன்று இருக்கும். எழுத வேண்டியது: மண்டபத்தின் முழுப் பெயர், தெரு, எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம், அங்கிருந்து எத்தனை நிமிட நடை. இரவு நிகழ்ச்சி என்றால் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். வாட்ஸ்அப்பில் போடும்போது வரைபட இணைப்பைப் படத்துக்குள் எழுதாதீர்கள், அழுத்தினால் திறக்காது. படத்துக்குக் கீழே எழுத்தாக ஒட்டுங்கள்.

முகாம் அறிவிப்பில் விட்டுப்போகும் வரிகள்

‘அனைவரும் வருக, பயன்பெறுக’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். மருத்துவ முகாமுக்கு அது போதாது. தகுதியும் தயாரிப்பும் முன்கூட்டியே தெரியாததால், வந்தவர்களில் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிறது. அப்படித் திரும்பியவர் அடுத்த முறை வரமாட்டார்.

ரத்ததான முகாம் நோட்டீஸில் இருக்க வேண்டியவை இவை: வயது 18 முதல் 65 வரை. எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக்கூடாது. முந்தைய தானத்துக்குப் பின் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போவது பழகிப்போனதால், தானத்துக்கும் அப்படித்தான் என்று பலர் பட்டினியாக வருகிறார்கள். கொடுத்து முடித்ததும் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்த்தவர்கள் பயந்து வரிசையை விட்டு நகர்கிறார்கள். கோவில் விரதக் காலத்தில் முகாம் வைப்பதையும் இதனால்தான் தவிர்க்கச் சொல்கிறோம்.

கண் சிகிச்சை முகாமில் வேறு சிக்கல். கண்புரை அறுவை சிகிச்சை தேவைப்படுவோரைப் பல முகாம்களில் அன்றைக்கே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப்போய்விடுவார்கள். இதை நோட்டீஸில் போடாவிட்டால், பரிசோதனைதானே என்று மாற்றுத் துணிகூட இல்லாமல் வந்த பெரியவர், ‘வீட்டில் சொல்லவில்லை, ஆட்டைக் கட்டவில்லை’ என்று திரும்பிவிடுவார். அழைத்துப்போவது அன்றைக்கா, வேறு நாளிலா என்று மருத்துவமனையில் கேட்டு எழுதுங்கள். கூடவே: ஆதார் நகல், இரண்டு நாளுக்கான உடை, தொடர்புக்கு வீட்டார் ஒருவரின் நம்பர், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகள், பழைய சீட்டுகள். மாத்திரையை நிறுத்திவிட்டு வரக்கூடாது என்பதைத் தனியாக, பெரிய எழுத்தில். அளவு எகிறியிருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். ‘இலவசம்’ என்ற சொல் எதற்கெல்லாம் பொருந்தும் என்பதும் தெளிவாக வேண்டும்: பரிசோதனை மட்டுமா, லென்ஸும் சேர்த்தா, கண்ணாடிக்குக் காசா?

பெயர்கள் தின்னும் இடம்

தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை, உபயதாரர்கள் என்று முப்பது பெயரும் பன்னிரண்டு புகைப்படமும் போட்ட பிறகு, நேரமும் இடமும் கீழே ஒரு நூல் வரியில் ஒடுங்கிவிடுகின்றன. பணம் கொடுத்தவர் பெயர் வரத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவற்றை நோட்டீஸின் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். முன்பக்கத்தில் என்ன, எப்போது, எங்கே, யாருக்கு, போன் நம்பர். சுவரொட்டி என்றால் பத்தடி தள்ளி நின்று படிக்க முடிகிறதா என்று புரூப்பை மாட்டிப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வெயிலில் மறைந்துவிடும்.

பேனர் என்றால் உள்ளாட்சி அமைப்பின் எழுத்து அனுமதி இல்லாமல் கட்டாதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இருசக்கர வாகனத்தில் போன இளம்பெண் உயிரிழந்ததை மறக்க முடியாது. சாலை நடுத்தடுப்பிலும் வளைவிலும் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை உண்டு. ‘இரவு 10 மணிக்குப் பட்டிமன்றம்’ என்று அச்சிட்டுவிட்டுக் காவல் நிலையத்தில் போய் நிற்பதைவிட, பட்டிமன்றத்தை ஏழு மணிக்கு வைப்பது எளிது.

கடைச் செய்தி எழுதும்போது

புதுக்கடை திறப்பது ஊருக்கு நல்ல செய்தி. விளம்பரத்தை அப்படியே செய்தியாக்குவது மட்டும் வேண்டாம். காசு வாங்கிப் போட்டால் ‘விளம்பரம்’ என்று மேலே எழுதுங்கள். ‘தமிழகத்திலேயே முதன்முறை’, ‘மிகக் குறைந்த விலை’ போன்றவற்றை நீக்கிவிட்டு, என்ன விற்கிறார்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த நாள் விடுமுறை, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்களா என்பதை எழுதினால்தான் படிப்பவருக்குப் பயன். கடையை எடுத்துவிட்டார்கள், இடம் மாற்றிவிட்டார்கள் என்ற செய்தியை உரிமையாளர் வாயால் கேட்காமல் போடவே கூடாது. ‘மூடப்போகிறார்களாம்’ என்ற ஒரு வரி போதும், கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

திறப்பு விழாச் சலுகையில் எண்ணிக்கை கட்டாயம். ‘ஒரு ரூபாய்க்குப் பிரியாணி’ என்று மட்டும் போட்டால் நூறு பேருக்குச் சமைத்த இடத்தில் ஆயிரம் பேர் நிற்பார்கள். தள்ளுமுள்ளு, போக்குவரத்து நெரிசல், கடைசியில் முதல் நாளே ஷட்டரை இறக்க வேண்டிய நிலை. எத்தனை பேருக்கு, ஒருவருக்கு எத்தனை, டோக்கன் எப்போது எங்கே என்று எழுதுங்கள். டோக்கனை முந்தின நாளே கொடுத்துவிடுவது நல்லது. ‘50% வரை தள்ளுபடி’யில் ‘வரை’ என்ற சொல்லைப் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். நகைக்கடை விளம்பரத்தில் ‘சேதாரம் இல்லை’ என்றால் எல்லா நகைக்குமா, குறிப்பிட்ட வகைக்கு மட்டுமா, செய்கூலி தனியா என்பது தெரிய வேண்டும். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கடைகளுக்கான விதி. பலகை எழுதும் முன்பே இதைச் சொல்லிவிட்டால் கடைக்காரருக்கு இரட்டைச் செலவு மிச்சம்.

தீபாவளிச் சீட்டு, மாதத் தவணைத் திட்டம் பற்றிய அறிவிப்பில் இன்னும் கடுமையாக இருங்கள். இங்கே ஏமாந்தால் போவது ஏழைகளின் ஒரு வருடச் சேமிப்பு. சீட்டு நடத்துபவர் 1982 சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சரிபாருங்கள். தராவிட்டால் அந்த அறிவிப்பைப் போடாதீர்கள், எவ்வளவு விளம்பரக் காசு கொடுத்தாலும். பதிவில்லாமல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டும் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதற்கு விளம்பரம் செய்வதும் அந்தத் தடைக்குள் வரும்.

இறப்புச் செய்தியும் திருத்தமும்

ஊர்க்குழுவில் எல்லோரும் திறந்து பார்ப்பது இறப்புச் செய்தியை. மருத்துவமனையில் கவலைக்கிடம் என்றதுமே ‘காலமானார்’ என்று போட்டுவிடும் அவசரம் ஒரு குடும்பத்தைச் சிதைத்துவிடும். வீட்டார் ஒருவரிடம் நேரில் பேசாமல் போடாதீர்கள். பெயரோடு வயது, தெரு, இன்னாரின் தந்தை அல்லது தாயார் என்பது சேரட்டும், ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். இறுதி ஊர்வலம் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வீட்டிலிருந்து, தகனமா அடக்கமா என்பதும் வேண்டும். ‘இன்று மாலை’ இங்கேயும் கூடாது.

தவறு நேர்ந்துவிட்டால் பழைய பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவது பலர் பழக்கம். நீங்கள் அழித்தாலும் மற்ற குழுக்களுக்குப் போன பிரதிகள் அழியாது. புதுப் படம் ஒன்று செய்யுங்கள். மேலே ‘திருத்தப்பட்ட அறிவிப்பு’, அதன் கீழ் திருத்தம் வெளியிட்ட தேதியும் நேரமும், பிறகு ‘முன்பு 14ஆம் தேதி என வந்தது தவறு, 15ஆம் தேதி என்பதே சரி’ என்று பழையதையும் புதியதையும் சேர்த்து. பழைய படத்தின் நிறத்திலேயே செய்யாதீர்கள், பார்த்ததுதானே என்று தள்ளிவிடுவார்கள். முதல் அறிவிப்பு போன எல்லாக் குழுவுக்கும் இதையும் அனுப்புங்கள். சுவரொட்டி என்றால் தேதிக்கு மேல் சீட்டு ஒட்டுங்கள். முகாமோ கூட்டமோ ரத்தானால், முதலில் அறிவித்த நாளன்று அந்த இடத்தில் ஓர் ஆளை உட்கார வைத்து, வருகிறவர்களுக்கு விவரம் சொல்லச் சொல்லுங்கள். போஸ்டரைப் பார்த்து வருகிறவருக்கு வாட்ஸ்அப் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்காது.