ஓடும் பெண்களும் இரும்புச்சத்து மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சியை விடவில்லை, தூக்கமும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முன்பு சுலபமாக ஓடிய 5 கிலோமீட்டருக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, தொடை கனக்கிறது. இப்படிச் சொல்லும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12.4 என்று வந்தால், "எல்லாம் நார்மல், சும்மா அலுப்புதான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது கணக்கு.

ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. குதிர் காலியான பிறகும் பானையில் இருக்கும் அரிசி சில நாள் ஓட்டும், இல்லையா? உடம்பும் அப்படித்தான். முதலில் இரும்பின் இருப்பு கரையும். ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். இருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விளையாட்டு மருத்துவர்கள் பலர் 30, 35-க்குக் கீழே வந்தாலே கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். இரும்பு ரத்தத்துக்கு மட்டுமானது அல்ல. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கவும், அதிலிருந்து சக்தி எடுக்கவும் அது வேண்டும்.

இதை நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தசோகை இல்லாத, ஆனால் ஃபெரிட்டின் குறைந்த 42 பெண்கள் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு இரும்பு மாத்திரை, மீதிப் பேருக்கு இரும்பு இல்லாத வெறும் மாத்திரை. 6 வாரம் கழித்து, 15 கிலோமீட்டர் சைக்கிள் சோதனையில் இரும்பு எடுத்தவர்களின் முன்னேற்றமே அதிகம். இரு தரப்பும் செய்த பயிற்சி ஒன்றுதான், பலன் வேறு.

அதற்காக எல்லோரும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வதும் தவறே. ஃபெரிட்டின் போதுமான அளவு இருப்பவருக்குக் கூடுதல் இரும்பு வேகம் தராது. மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிச்சம். பரம்பரை ரத்த நோயான தலசீமியாவின் மரபணு உள்ளவர்களுக்கு இரும்பு போதிய அளவு இருந்தும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும். அவர்கள் பரிசோதிக்காமல் மாத்திரை எடுக்கவே கூடாது. காய்ச்சல் அடிக்கும்போதும், கடுமையான பயிற்சி முடித்த மறுநாள் காலையிலும் ஃபெரிட்டின் பார்க்காதீர்கள். எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

அப்புறம், நேரம். நிறையப் பேர் கோட்டைவிடுவது இதில்தான். ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. குடலில் இருந்து இரும்பு ரத்தத்துக்குள் போவதை அது தடுக்கும், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க. அதனால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று போட்டால் இரண்டாவதில் பெரும்பகுதி வீண். இரும்பு குறைந்த பெண்களிடம் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்ததில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு எடுத்துக்கொண்ட இரும்பின் பங்கு கூடியது. வயிற்றுத் தொல்லையால் மாத்திரையையே நிறுத்திவிடுபவர்கள், இந்த முறை தங்களுக்குச் சரிவருமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

உடற்பயிற்சியும் ஹெப்சிடினை ஏற்றும். முடித்த 3 முதல் 6 மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போகும். ஆகவே காலையில் ஓடுபவர் ஓடி முடித்த அரை மணிக்குள் மாத்திரையை எடுத்துக்கொள்வது நல்லது. பத்து மணிக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்து போட்டால், நேரம் பார்த்துத் தப்பான சமயத்தில் போட்டதாகிவிடும்.

காபியோடு விழுங்குவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டீ, காபி இரண்டுமே இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

அட்டையில் இருக்கும் எண்ணும் ஏமாற்றும். ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் என்றால் அதில் உள்ள இரும்பு சுமார் 65 மில்லிகிராம்தான். இரண்டு பிராண்டுகளை ஒப்பிடும்போது இரும்பின் அளவைப் பாருங்கள்.

பீட்ரூட் ஜூஸையும் பேரீச்சம்பழத்தையும் மட்டும் நம்புவது இன்னொரு தவறு. இரண்டும் நல்ல உணவுதான், ஆனால் தீர்ந்துபோன இருப்பை நிரப்பும் அளவுக்கு அவற்றில் இரும்பு இல்லை. அசைவம் சாப்பிடுபவருக்கு ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) உண்மையிலேயே உதவும்; அதில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும். சைவம் என்றால் சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், கீரையோடு நெல்லிக்காய் சேருங்கள்.

தெம்பு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இருப்பு நிரம்ப ஏறக்குறைய 3 மாதம் பிடிக்கும். மலம் கறுப்பாகப் போவது இந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம்.

இத்தனையும் செய்து ஃபெரிட்டின் ஏறவில்லை, அல்லது ஏறி மறுபடி இறங்குகிறது என்றால் இரும்பு எங்கே போகிறது என்று தேட வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போனால் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதவிடாயில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், கட்டி கட்டியாகப் போனால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், அதை "எங்க வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மகப்பேறு மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.