தொழில்நுட்பப் பின்னணி இல்லாமல் சைபர் பாதுகாப்புத் துறைக்கு மாறுவது எப்படி?

கணக்கியல், ஆசிரியப் பணி, செவிலியம், சட்டம், வாடிக்கையாளர் சேவை போன்ற துறைகளிலிருந்து சைபர் பாதுகாப்புக்கு மாற விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்பதைத்தான். அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் துறைக்குள் எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள்? அதைத் தீர்மானிக்காமல் பணம் கட்டிச் சேர்பவர்கள், தங்கள் வேலைக்குத் தேவைப்படாத பாடங்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

சைபர் பாதுகாப்பு என்பது ஒரே வேலையின் பெயரல்ல. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட 'நைஸ்' பணியாளர் வரைச்சட்டகம் இத்துறையை 52 பணிப்பொறுப்புகளாகப் பிரித்துக் காட்டியது. ஊடுருவல் சோதனை, மால்வேர் (தீங்கு விளைவிக்கும் மென்பொருள்) பகுப்பாய்வு போன்ற ஆழ்ந்த தொழில்நுட்ப வேலைகள் அந்தப் பட்டியலில் ஒரு பகுதி மட்டுமே. கொள்கை வகுத்தல், சட்ட ஆலோசனை, பயிற்சி, திட்ட மேலாண்மை ஆகியவையும் அதிலேயே இடம்பெற்றுள்ளன. எனவே பழைய தொழிலைத் துடைத்துப்போட்டுவிட்டு அடியிலிருந்து தொடங்குவதைவிட, அந்தத் தொழிலுக்கு மிக அருகில் திறந்திருக்கும் வாசல் வழியாக நுழைவதே விரைவானது, செலவும் குறைவானது. உள்ளே வந்த பிறகு அடுத்த அறைக்கு மாறுவது அவ்வளவு கடினமல்ல.

அருகிலுள்ள வாசல் எது?

கணக்குத் தணிக்கையில் இருந்தவருக்கு மிக இயல்பாகப் பொருந்துவது ஜிஆர்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆளுகை, இடர், இணக்கப் பிரிவு. தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2022 பதிப்பு 93 பாதுகாப்புக் கட்டுப்பாடுகளைப் பட்டியலிடுகிறது. ஒரு நிறுவனம் அவற்றில் எவற்றைத் தனக்குப் பொருத்தமானவை என ஏற்றிருக்கிறது, ஏற்றதைச் செய்கிறதா, செய்ததற்குச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பது அடிப்படையில் தணிக்கையாளரின் மனப்பழக்கம்தான். வேலையை விட்டுச் சென்ற ஊழியரின் கணக்கு இன்னும் முடக்கப்படாமல் இருப்பதைக் கண்டுபிடிக்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மனிதவளத் துறையின் விலகல் பட்டியலையும் பயனர் கணக்குப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும்.

இது எழுத்தர் வேலை போல எளிதாகத் தோன்றலாம். ஆனால் பெரும் தகவல் கசிவுகள் பலவற்றின் வேர் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருந்திருக்கிறது. 2017-இல் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் கசிந்தன. அந்த ஊடுருவலுக்குக் காரணமான மென்பொருள் குறைபாட்டுக்கான திருத்தம் அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. எச்சரிக்கையும் நிறுவனத்துக்குள் மின்னஞ்சலில் சுற்றுக்கு விடப்பட்டது. பெறுநர் பட்டியல் புதுப்பிக்கப்படாமல் கிடந்ததால், திருத்தத்தைச் செய்ய வேண்டியவர்களுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு பின்னர் பதிவு செய்தது. அந்தப் பட்டியலை யார், எப்போது சரிபார்ப்பது என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கி வைக்கும் ஆள்தான் ஜிஆர்சி பணியாளர்.

கொள்முதல் அல்லது ஒப்பந்தப் பிரிவில் இருந்தவர்கள் மூன்றாம் தரப்பு இடர் மேலாண்மையைப் பார்க்கலாம். 2013-இல் டார்கெட் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தில் சுமார் 4 கோடி அட்டை விவரங்கள் திருடுபோனபோது, தாக்கியவர்கள் உள்ளே நுழைந்தது ஒரு குளிர்சாதன ஒப்பந்ததாரரிடமிருந்து திருடிய கணக்கு விவரங்களைக் கொண்டுதான். சட்டம் படித்தவர்களுக்குத் தரவுத் தனியுரிமை ஏற்ற இடம். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தனிநபர் தரவு கசிந்தது தெரிய வந்தால் பொதுவாக 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், அந்த மணி எப்போது தொடங்குகிறது என்பதே ஒரு சட்டக் கேள்வி. அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு எதை முதலில் கவனிப்பது என்று அழுத்தத்துக்கு நடுவே முடிவெடுக்கும் பயிற்சி ஏற்கெனவே உண்டு. தாக்குதல் நடந்தால் அதை எதிர்கொள்ளும் சம்பவக் கையாளுதலில் அது பொன்னான தகுதி. ஆசிரியர்கள் விழிப்புணர்வுப் பயிற்சிக்குச் செல்லலாம் என்று பலரும் சொல்வார்கள், சரியான யோசனையே. எனினும் அதற்கென்று தனிப் பணியிடம் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களில்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மற்றொரு பெரிய வாசல், பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தின் முதல் நிலைப் பகுப்பாய்வாளர் பணி. இதை எல்லோரும் 'சாக் அனலிஸ்ட்' என்றே சொல்வார்கள். வாடிக்கையாளர் சேவை, வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு போன்ற இடங்களிலிருந்து வருபவர்களுக்கு இது பொருந்தும். ஜிஆர்சியைவிட இதற்குத் தொழில்நுட்ப அறிவு கூடுதலாக வேண்டும்.

எவ்வளவு தொழில்நுட்பம் கற்க வேண்டும்?

தொழில்நுட்பப் பின்னணி இல்லை என்பது நீங்கள் தொடங்கும் இடத்தைத்தான் குறிக்கிறது. கொள்கை எழுதும் வேலைக்குப் போகிறவரும், வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் ஃபயர்வால் என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒரு பொறியாளரிடம் கேள்வி கேட்க முடியாது. கேட்டாலும், வருகிற பதில் சரியா என்று கண்டுகொள்ள முடியாது.

முதலில் வலையமைப்பைக் கற்க வேண்டும். உலாவியில் ஒரு தள முகவரியைத் தட்டச்சு செய்தது முதல் பக்கம் திறக்கும் வரை என்னென்ன நடக்கிறது என்பதை, ஒரு தாளில் படம் வரைந்து மற்றொருவருக்கு விளக்கும் அளவுக்குப் புரிந்துகொள்ளுங்கள்: பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், அது பயன்படுத்தும் 53 என்ற போர்ட் (இணைப்பு வாயில் எண்), இணைப்பை ஏற்படுத்தும் டிசிபி, 443 போர்ட்டில் நடக்கும் மறையாக்கப்பட்ட உரையாடல். இந்த ஒரே கேள்விக்குள் பாதிப் பாடம் அடங்கிவிடுகிறது, நேர்காணல்களிலும் இது அடிக்கடி வரும். அடுத்து லினக்ஸ் கட்டளை வரியில் கோப்புகளைத் தேடவும் படிக்கவும் வடிகட்டவும் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு விண்டோஸ் நிகழ்வுப் பதிவுகள், அடையாளச் சரிபார்ப்புக்கும் அனுமதி வழங்கலுக்கும் உள்ள வேறுபாடு, மறையாக்கத்துக்கும் ஹேஷிங்குக்கும் உள்ள வேறுபாடு, மேகக்கணிமையில் எது வழங்குநரின் பொறுப்பு, எது வாடிக்கையாளரின் பொறுப்பு என்பவை. நிரலாக்கம் பின்னால் வரட்டும். வேண்டுமானால் பைத்தானில் சிறு நிரல்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு போதும்.

பயிற்சிக்குச் செலவு அதிகம் ஆகாது. சாதாரண மடிக்கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டலாம். ஓவர்தவயர் தளத்தின் 'பாண்டிட்' விளையாட்டு கட்டளை வரியைப் படிப்படியாகப் பழக்கும். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் பிகோசிடிஎஃப் என்ற பயிற்சிப் போட்டி இலவசம். ட்ரைஹேக்மீ தளத்திலும் இலவசப் பாடங்கள் உண்டு. வயர்ஷார்க் என்ற மென்பொருளைக் கொண்டு உங்கள் சொந்தக் கணினியின் வலைப் போக்குவரத்தைப் பிடித்துப் பார்த்தால், புத்தகத்தில் படித்த டிஎன்எஸ் கேள்வியும் பதிலும் கண்முன்னே வரிசையாக ஓடும். ஒரு எச்சரிக்கை: அனுமதி பெறாமல் பிறருடைய தளத்தையோ அலுவலக வலையமைப்பையோ சோதித்துப் பார்ப்பது பல நாடுகளில் குற்றம். கற்றுக்கொள்ளத்தான் செய்தேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

சாக் வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விண்டோஸ் பதிவில் 4625 என்ற எண் தோல்வியடைந்த உள்நுழைவைக் குறிக்கும்; 4624 என்றால் வெற்றி. உங்கள் திரையில் 4625 நாற்பது முறை வந்திருப்பதாக ஓர் எச்சரிக்கை எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பதும் ஒரே பயனர் பெயரில், ஒரே கருவியிலிருந்து, சீரான இடைவெளியில் வந்திருந்தால், அவர் அன்று காலை கடவுச்சொல்லை மாற்றினாரா என்று முதலில் பார்க்க வேண்டும். அவருடைய கைபேசியின் மின்னஞ்சல் செயலி பழைய கடவுச்சொல்லையே விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். நாற்பதும் நாற்பது வெவ்வேறு பெயர்களில், ஒரே வெளி முகவரியிலிருந்து, பெயருக்கு ஒரு முறையாக வந்திருந்தால் கதை வேறு. கணக்குகள் பூட்டப்படாதபடி, பொதுவான ஒரு கடவுச்சொல்லை எல்லோர் மீதும் முயன்று பார்க்கும் தாக்குதலின் சாயல் அது. உடனே தேட வேண்டியது, அதே முகவரியிலிருந்து 4624 ஒன்றாவது பதிவாகியிருக்கிறதா என்பதை. எண்கள் இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது அவற்றைப் படிக்கும் முறை. பதிவேடுகளையோ புகார்களையோ ஆண்டுக்கணக்கில் படித்துப் பழகியவருக்கு இந்தக் கண் ஓரளவு ஏற்கெனவே இருக்கும்.

சான்றிதழ்கள்

ஐஎஸ்சி2 அமைப்பின் 'சர்டிஃபைட் இன் சைபர்செக்யூரிட்டி' தேர்வு, அனுபவம் கேட்காத நுழைவு நிலைச் சான்றிதழ். துறையின் சொற்களோடு பழக நல்ல தொடக்கம். வேலை விளம்பரங்களில் அதைவிடப் பரவலாகக் கேட்கப்படுவது காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ். 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 கேள்விகள், 900-க்கு 750 எடுத்தால் தேர்ச்சி. ஜிஆர்சி பக்கம் செல்பவர்கள் இவற்றில் ஒன்றோடு ஐஎஸ்ஓ 27001 தணிக்கையாளர் பயிற்சியையும் சேர்த்தால் போதுமானது. சிஐஎஸ்எஸ்பி, தணிக்கையாளர்களுக்கான சிசா போன்ற மேல்நிலைச் சான்றிதழ்களுக்கு இப்போதே ஆசைப்பட வேண்டாம்; இரண்டும் பொதுவாக ஐந்து ஆண்டு அனுபவம் கேட்பவை. சில தகுதிகளுக்காக அந்த ஆண்டுகள் ஓரளவு குறைக்கப்படுவதும், முந்தைய பணியில் செய்த தணிக்கை வேலை சிசா கணக்கில் சேர வாய்ப்பிருப்பதும் பின்னால் பயன்படும்.

சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே போவது இத்துறைக்கு வருபவர்களிடம் காணப்படும் ஒரு நோய் என்றே சொல்வேன். ஒன்று அல்லது இரண்டுக்குப் பிறகு, அடுத்த சான்றிதழுக்குச் செலவிடும் நேரத்தை விண்ணப்பங்களுக்கும் செயல்முறைப் பயிற்சிக்கும் திருப்புவது நல்லது. குறிப்பிட்ட வாரங்களில் வேலை உறுதி என்று பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களிடம், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, எந்த நிபந்தனைகளின் கீழ் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

விண்ணப்பமும் நேர்காணலும்

மிகக் குறைந்த எதிர்ப்புள்ள பாதை, இப்போது பணிபுரியும் நிறுவனத்துக்குள்ளேயே மாறுவது. அங்கே உங்கள் மீது நம்பிக்கை உண்டு, நிறுவனத்தின் நடைமுறைகளும் உங்களுக்குத் தெரியும். பாதுகாப்புக் குழுவுக்கு உங்கள் பிரிவின் சார்பில் ஒருவர் தேவைப்படும் வேலைகள், எடுத்துக்காட்டாக அனுமதி மறுஆய்வு, தணிக்கைக்குச் சான்று திரட்டுதல், ஃபிஷிங் (ஏமாற்றி விவரங்களைப் பறிக்கும் போலி மின்னஞ்சல்) ஒத்திகை போன்றவை, ஆண்டுதோறும் வரும். அவற்றைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

வெளியே விண்ணப்பிக்கும்போது, பழைய வேலையை இத்துறையின் மொழியில் எழுத வேண்டும். 'கிளையின் கணக்குகளைக் கவனித்தேன்' என்பது எதையும் உணர்த்தாது. 'பணம் விடுவிக்கும் அதிகாரமும் ஒப்புதல் வழங்கும் அதிகாரமும் ஒருவரிடமே இருந்ததைக் கண்டறிந்து, இரண்டையும் பிரிக்கும் நடைமுறையைக் கொண்டுவந்தேன்' என்று எழுதினால், கடமைப் பிரிப்பு என்ற கட்டுப்பாட்டை நீங்கள் செயலில் அறிந்தவர் என்று படிப்பவருக்குப் புரியும். கூடவே இரண்டு மாதிரி ஆவணங்களைத் தயாரித்து வையுங்கள்: கற்பனையான ஒரு சிறு நிறுவனத்துக்கான இடர் மதிப்பீடு, பயிற்சித் தளத்தில் நீங்கள் ஆராய்ந்த ஒரு சம்பவத்தின் அறிக்கை. முந்தைய நிறுவனத்தின் உண்மையான ஆவணத்தைப் பெயர் மாற்றிக் காட்டும் யோசனை வந்தால் கைவிடுங்கள். ரகசியம் காக்கும் வேலைக்கு வந்த இடத்தில் அதைவிட மோசமான அறிமுகம் இருக்க முடியாது.

நேர்காணலில் வரக்கூடிய ஒரு கேள்வி: 'ஊழியர் ஒருவர் ஃபிஷிங் மின்னஞ்சலில் இருந்த இணைப்பைச் சொடுக்கிவிட்டார், என்ன செய்வீர்கள்?' கடவுச்சொல்லை மாற்றச் சொல்வேன் என்பதோடு பலரும் நின்றுவிடுவார்கள். சொடுக்கிய பிறகு அவர் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தாரா, ஏதேனும் கோப்பு இறங்கியதா என்று குற்றம் சாட்டாத தொனியில் கேட்பதே முதல் வேலை. திட்டு விழும் என்று அஞ்சுபவர் பாதியைத்தான் சொல்வார். கோப்பு இறங்கியிருந்தால் கணினியை வலையமைப்பிலிருந்து பிரிக்க வேண்டும். கடவுச்சொல் போயிருந்தால் அதை மாற்றுவதோடு, ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுகள் அனைத்தையும் துண்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்கக்கூடும். அவருடைய அஞ்சல் பெட்டியில் புதிதாக ஏதேனும் தானியங்கி முன்னனுப்பல் விதி முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே மின்னஞ்சல் வேறு யாருக்கெல்லாம் வந்தது என்று தேடி நீக்கி, ஒவ்வொரு படியையும் நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். இந்த வரிசையைக் காரணத்தோடு சொல்ல முடிந்தால், பழைய தொழில் எது என்ற கேள்வியின் எடை குறைந்துவிடும்.

சம்பளம் தொடக்கத்தில் குறையலாம், அதற்கான சேமிப்பை முன்பே ஒதுக்குங்கள். சாக் பணி என்றால் இரவு முறைமாற்றம் இருக்கிறதா, ஒருவர் ஒரு நாளில் எத்தனை எச்சரிக்கைகளைப் பார்க்க வேண்டியிருக்கும், உங்கள் முடிவுகளை மூத்தவர் யாராவது சரிபார்த்துச் சொல்வாரா என்பதை வேலையை ஏற்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தரும் நிறுவனத்தை, சற்றே கூடுதல் சம்பளம் தரும் மற்றொன்றைவிட மேலாகக் கருதலாம். கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் முதல் ஆண்டைக் கழித்தால், எச்சரிக்கைகளை மூடப் பழகியிருப்பீர்களே தவிர, ஆராயப் பழகியிருக்க மாட்டீர்கள்.