தோசை மாவை வைத்து வடதுருவ உறைநிலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி

காரைக்குடி வெயிலில் உட்கார்ந்து சைபீரியாவைப் பற்றிப் பேசினால் பிள்ளைகளுக்கு மனதில் ஏறாது, அதனால் மாவிலிருந்து தொடங்குங்கள்.

புதிதாக அரைத்து உப்புப் போட்ட மாவை இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் கால்வாசி ஊற்றி, வாயில் பலூனை மாட்டுங்கள். மூடி போட்டு இறுக்க வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கலாம். ஒன்று ஃப்ரீசருக்குள், இன்னொன்று முற்றத்து ஓரம் நிழலில். மறுநாள் காலையில் முற்றத்துப் பலூன் எழும்பியிருக்கும், மற்றது துவண்டே கிடக்கும்.

சைபீரியா, அலாஸ்கா, வடகனடாவில் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணைத்தான் உறைநிலம் என்கிறோம், அதுவும் அந்த ஃப்ரீசர் மாதிரிதான். ஆயிரக்கணக்கான வருஷத்துச் செடி, வேர், விலங்கு மிச்சமெல்லாம் மக்காமல் உறைந்து கிடக்கிறது. அதிலுள்ள கார்பன் ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி டன், இன்று காற்றில் இருப்பதைப் போல சுமார் இரண்டு மடங்கு.

அப்புறம் ஃப்ரீசர் பாட்டிலையும் வெளியே வையுங்கள். உருகியதும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்ளும், பலூன் மெதுவாக எழும். பூமி சூடாகி உறைநிலம் உருகினால் மண்ணிலும் அப்படித்தான்: காற்றுப் படும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் தேங்கிய இடத்தில் மீத்தேனும் சேர்ந்து வரும். நூறு வருஷக் கணக்கில் மீத்தேன், அதே எடை கார்பன் டை ஆக்சைடைப் போல கிட்டத்தட்ட 28 மடங்கு சூடேற்றும், இதை அழுத்திச் சொல்லுங்கள்.

"அங்கே செடி வளர்ந்து கார்பனை இழுக்காதா ஆச்சி?" என்று ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. இழுக்கும், ஆனால் வளரும் காலம் குறுகியது, மண்ணோ குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டேயிருக்கும்.

முற்றத்து மாவு நன்றாகப் புளித்திருக்கும். குழிப்பணியாரம் ஊற்றிக்கொடுங்கள்.