நிழலில் பூப்புதர் வைப்பவர்களே, குழியை ஆழமாகத் தோண்டாதீர்கள்

தண்ணீர் ஊற்ற மறப்பது, பூச்சியைக் கவனிக்காமல் விடுவது பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒரு கோடை போனால் செடியே சொல்லிக்கொடுத்துவிடும். ஆனால் புதிதாக ரோடோடென்ட்ரான், அசேலியா, கமேலியா போன்ற பூப்புதர்களை வாங்கி வருகிறவர்கள் நான் அன்று அடித்த அதே கூத்தை அடிப்பதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆழமாக நடுவது

முழங்கால் ஆழத்துக்குக் குழி, அடியில் கூடை கூடையாக மட்கிய எரு, அதன் மேல் செடி, கழுத்து வரை மண் போட்டு நன்றாக மிதி. என் முதல் ரோடோடென்ட்ரானை இப்படித்தான் பெருமையாக நட்டேன். எரு மட்க மட்க அளவு குறையும், மேலே உட்கார்ந்திருக்கும் செடியும் கூடவே இறங்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. ஆறு மாதத்தில் செடி நாலு விரல் இறங்கிவிட்டது. மழைத் தண்ணீர் அங்கேயே தேங்கியது. இலை தொங்கியதைப் பார்த்து, தாகம் போலிருக்கிறது என்று நான் இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன்!

இரண்டாம் வருடம் செத்தே போனது. பிடுங்கினால் வேர், வாங்கி வந்த தொட்டியின் வடிவத்திலேயே, செங்கல் மாதிரி, அப்படியே கையோடு வந்தது. ஒரு வேர்கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் உடைத்தால் உள்ளே காய்ந்த தூள், அடியில் அழுகல் நாற்றம்.

இந்த வகைச் செடிகளின் வேர் முடி போல மெல்லியது. மேல்மண்ணில் பக்கவாட்டில்தான் ஓடும், அதற்குக் காற்று வேண்டும். அதனால் குழி அகலமாக இருக்கட்டும், வேர்ப்பந்தைப் (தொட்டியிலிருந்து எடுத்த வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டை) போல இரண்டு மூன்று மடங்கு. ஆழம் மட்டும் பந்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது. நட்ட பிறகு பந்தின் மேல்பகுதி தரைமட்டத்துக்கு 2 செ.மீ. மேலே தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. களிமண்ணா? குழியே வேண்டாம், மேடு கட்டி நடுங்கள். நடும் முன் பந்தை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமுக்கி வைத்து, சுற்றிச் சுருண்ட வேரை விரலால் பிரித்துவிடுங்கள். இதற்கு மனசு வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் பிரிக்காத வேர் பழைய தொட்டியையே சுற்றிக்கொண்டிருக்கும்.

நேரம் தப்பிக் கத்தரிப்பது

பூ உதிர்ந்த கையோடு கத்தரியுங்கள். அடுத்த வசந்தத்தின் மொட்டு கோடையிலேயே உருவாகத் தொடங்கிவிடும். இலையுதிர் காலத்தில் 'அழகாக்குகிறேன்' என்று வெட்டினால் அத்தனையும் குப்பைக்கு.

சுண்ணாம்பு

கிட்டவே கொண்டுபோகாதீர்கள். இந்தச் செடிகளுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், சுண்ணாம்பு அந்தப் புளிப்பைக் குறைத்துவிடும். மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 6 வரை இருக்க வேண்டும். நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இலை மாறினால், பெரும்பாலும் இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம்.

கோடைக் கடைசியில் காயவிடுவது

கமேலியா அப்போது எதுவும் சொல்லாது. மாதங்கள் கழித்து மொட்டை விரிக்காமலே கொட்டும்.

கும்மிருட்டு மூலை

இலை தழைக்கும். பூ வராது.