வெள்ளம் கேட்ட பையன்: சின்ன வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஜூனில் எங்கள் பள்ளியில் மூன்று புது டீச்சர்கள் சேர்ந்தார்கள். எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை அவர்கள் பொறுப்பு. பக்கத்து வகுப்பிலிருந்து அவர்கள் பாடம் எடுப்பது காதில் விழும்போதெல்லாம் என் பழைய குரலையே கேட்பது போல இருக்கிறது. நான் எங்கே சறுக்கினேனோ அங்கேயே சறுக்குகிறார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் சபை நடத்துகிற பள்ளி இது. காலையில் ஜெபம், வாரத்தில் இரண்டு பீரியட் வேதபாடம். அடிக்காதே, கத்தாதே என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது.

ஒப்பித்தால் புரிந்துவிட்டது என்று நினைப்பது

கர்த்தருடைய ஜெபத்தை ஒரு யு.கே.ஜி. பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு கணீரென்று சொல்லுவான். அழகாகச் சொல்கிறான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டேன். "பழமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்கிறான். "பரமண்டலம் மக்ளே" என்றேன். அவன் கண்ணைத் திறந்து, "எங்க அப்பா பழக்கடையிலதானே டீச்சர் இருக்காரு" என்றான். உண்மைதான். மார்த்தாண்டம் சந்தைக்குப் பக்கத்தில் வாழைக்குலை தொங்கும் அவர்கள் கடையில் நானே பழம் வாங்கியிருக்கிறேன். நாலு மாதமாகத் தினமும் காலையில் தன் அப்பாவுக்கே ஜெபம் செய்திருக்கிறான்.

வாரத்துக்கு ஒருமுறையாவது கூட்டமாகச் சொல்ல வைக்காமல், ஒவ்வொருவரிடமும் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். நேரம் பிடிக்கும். பரவாயில்லை.

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று நம்புவது

"நாளைக்கு எல்லாரும் ரப்பர் கொண்டு வரணும்" என்று ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளியில் சொன்னவள் நான். மறுநாள் ஒரு பெண் பிள்ளை, அப்பா அடித்துக் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டில் ஒன்றைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் வரை வகுப்பே நாறியது. அழிரப்பர் என்று சொல்லியிருக்கலாம்.

கேள்வியைக் குறும்பு என்று ஒதுக்குவது

ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து இயேசு பெருங்கூட்டத்துக்கே சாப்பாடு கொடுத்த கதை சொல்லும்போது, "அப்பத்துக்கு மீன் கறியா, பொரிச்ச மீனா?" என்று ஒருவன் கேட்டான். இங்கே அப்பம் என்றால் நடுவில் மெத்தென்று ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும் அந்த அப்பம்தான். கடலைக்கறி ஊற்றித் தின்பார்கள். அவன் கேட்டது நியாயம். யோவான் தன் சுவிசேஷத்தில் அதை வாற்கோதுமை அப்பம் என்றே எழுதியிருக்கிறார். அதை வைத்து, ரொட்டி மாதிரி என்று விளக்கினேன்.

அடுத்ததாகக் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று எழுந்தது. "பன்னிரண்டு கூடை மிச்சம்னு சொன்னீங்களே, மீன் கெட்டுப் போயிருக்காதா?" வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பார்த்தேன். யோவான் மிச்சத்தில் அப்பத்துணிக்கைகளை மட்டும்தான் சொல்கிறார். மாற்கு மீனையும் சேர்க்கிறார். எத்தனையோ முறை படித்த பகுதி, அதுவரை என் கண்ணில் அது பட்டதே இல்லை.

"யாருக்காக ஜெபிக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்பது

கேட்காதீர்கள். "எங்க அம்மாவும் பாட்டியும் பேசிக்கணும்" என்று ஒரு பிள்ளை சொன்னபோது, கூட்டிப்போக வந்த பாட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளம்

இதுதான் எனக்கு இன்றும் ஆறாதது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். பேழை கட்டிப் பிழைத்த நோவாவின் கதை. வேதாகமத்தில் 'ஜலப்பிரளயம்' என்று இருக்கும். யு.கே.ஜி.க்கு அது எப்படிப் புரியும்? எளிமையாகச் சொல்வதாக நினைத்து, "நாற்பது நாள் மழை பெய்தது, பூமி முழுக்க வெள்ளம் வந்தது" என்றேன். ஒரு பையன் முகம் மலர எழுந்தான். "டீச்சர், எங்க வீட்டுக் குழாயில மூணு நாளா வெள்ளம் வரல்ல. நோவா கொஞ்சம் தருவாரா?"

பள்ளி இருக்கிற விளவங்கோடு பக்கத்து வீடுகளில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். நான் நாகர்கோவிலுக்குக் கிழக்கே வளர்ந்தவள். விழுந்து விழுந்து சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து வகுப்பும் சிரித்தது. வீட்டில் வெள்ளம் குடித்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் அத்தனை பேரும்! அதோடு விட்டேனா? "வெள்ளம் மலையாளம், தமிழ்ல தண்ணீர்" என்று மூன்று முறை சொல்ல வைத்தேன். இடைவேளையில் ஸ்டாஃப் ரூமிலும் சொன்னேன். அப்புறம் ஒரு வாரம் அவன் வராந்தாவில் போனாலே, "என்னடே, வெள்ளம் வந்துச்சா?" என்று யாராவது கேட்பார்கள். எல்லாம் பிரியமாகத்தான்.

தண்ணீர் பாட்டில்களை வாசல் பக்கத்து பெஞ்சில் வரிசையாக வைப்போம். கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது வாரம் அவன் அம்மா வந்தார். "டீச்சரே, கொடுத்துவிடுற பாட்டில் அப்படியே நிறைஞ்சு திரும்ப வருது. பிள்ளை ஒண்ணுமே குடிக்கிறதில்ல." வெள்ளம் என்று கேட்டால் சிரிப்பார்கள், தண்ணீர் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. கேட்காமலே இருந்துவிட்டான். பாத்ரூம் போகவும் கேட்பதில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். சரிசெய்தது நானில்லை, எங்கள் ஆயா. பாட்டிலைத் திறந்து நீட்டி, "வெள்ளம் வேணுமா மக்ளே?" என்று கேட்டார். மடமடவென்று குடித்தான். வகுப்பில் அவன் மறுபடி வாய்திறக்கக் கிறிஸ்மஸ் ஆகிவிட்டது.

பல வருஷம் கழித்து, பக்கத்து வகுப்பில் குறள் ஒப்பித்தார்கள். "வெள்ளத் தனைய மலர்நீட்டம்." 595ஆவது குறள். தண்ணீர் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீளம் பூவின் தண்டு. வள்ளுவர் குளத்துத் தண்ணீரைத்தான் வெள்ளம் என்கிறார். கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றேன். மலையாளம் என்று நான் தள்ளிவிட்ட சொல்! திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த விளவங்கோடும் பக்கத்துக் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1 அன்றுதான். இந்தச் சொல் அதற்கெல்லாம் எத்தனையோ நூற்றாண்டு முன்பிருந்தே தமிழில் இருக்கிறது.

இப்போது நோவா கதைக்கு முன்னால், "உங்க வீட்டில குடிக்கிறதுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். வெள்ளம், தண்ணீர், தண்ணி எல்லாம் பலகையில் ஏறும். நோவா காலத்தில் வந்தது பெருவெள்ளம் என்று அப்புறம் சொல்லுவேன். ஐந்து நிமிஷ வேலை.

இந்த ஜூலையில் புது டீச்சர் ஒருவர் இதே மாதிரி ஒரு பிள்ளையைச் சொல்ல வைத்து, வீடியோ எடுத்து வாட்சாப் ஸ்டேட்டஸில் போட்டார். என் காலத்தில் ஸ்டாஃப் ரூமோடு நின்றது. இது அந்தப் பிள்ளையின் மாமா வேலை செய்கிற துபாய் வரைக்கும் போய்விட்டது. நான் சத்தம் போட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

நிஜ ஆட்டுக்குட்டி

கிறிஸ்மஸ் நாடகத்துக்கு வேண்டாம். மேய்ப்பனின் தலைத்துண்டைத் தின்றுவிட்டது.

சிரிப்பு வந்தால்?

வீடியோ போட்ட அந்த டீச்சரே பிறகு வந்து கேட்டார்: "அப்போ சிரிப்பு வந்தா என்னதான் செய்யறது அக்கா?" கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் என்றேன். பழமண்டலம் அன்று நான் தேதியை மூன்று முறை அழித்து எழுதினேன்.