மதுரைக்காரர்களுக்கு அலாஸ்கா: படகில் போய்ப் பனியாறு பார்க்க ஒருநாள் திட்டம்

மகனோ மகளோ சியாட்டிலில் வேலை பார்க்கிறார்கள். ஜூன் மாதம் போய்ச் சில வாரம் தங்கப்போகிறோம். "அப்படியே அலாஸ்காவையும் பார்த்துட்டு வந்துருவோம்ப்பா" என்று பிள்ளை சொல்கிறது. எஸ்.எஸ். காலனியிலும் அண்ணா நகரிலும் இன்று இது சாதாரணப் பேச்சு. எந்தப் படகு, எத்தனை மணிக்கு, என்ன உடுத்துவது என்று வரும்போதுதான் குழப்பம். இணையத்தில் தேடினால் நீலப் பனிச்சுவர்ப் படங்கள் வந்து குவியும். அறுபத்தைந்து வயது அம்மா அந்தப் படகில் ஆறு மணி நேரம் உட்காருவாரா என்பதற்கு மட்டும் பதில் இருக்காது.

வாரக்கணக்கில் போகும் பெரிய கப்பல் பயணத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. காலையில் கிளம்பி, பனியாற்றை (மலையிலிருந்து ஆறுபோல மெல்ல நகர்ந்து இறங்கும் பெரிய பனிப்பாளம், ஆங்கிலத்தில் கிளேசியர்) நேரில் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பும் ஒருநாள் பயணம் மட்டும். என் கட்சி ஒன்றே ஒன்று: கூட வருகிறவர்களில் யாருக்கு வயிறு சீக்கிரம் புரட்டுமோ, அவரை மனதில் வைத்துப் படகைத் தேர்ந்தெடுங்கள்.

படி 1: எங்கே தங்குவது

ஆங்கரேஜ் நகரில். சியாட்டிலிலிருந்து விமானத்தில் மூன்றரை மணி நேரம். உள்நாட்டு விமானம்தான், அமெரிக்க விசாவே போதும். ஆனாலும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காரிலேயே அலாஸ்கா போகலாம் என்று மருமகன் ஆசைப்பட்டால், நடுவில் கனடா வருகிறது, அதற்குத் தனி விசா வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: எந்தப் பனியாறு

எல்லாப் பனியாறும் கடலைத் தொடுவதில்லை. சில பாதி மலையிலேயே முடிந்துவிடும், சில ஏரியில் போய் முடியும். கடல்வரை இறங்கி நிற்பவற்றின் முகப்பிலிருந்து பாளம் பாளமாகப் பனி இடிந்து தண்ணீரில் விழும். பலர் படகில் போவதே அதைப் பார்க்கத்தான்.

ஆங்கரேஜிலிருந்து மூன்று இடங்கள் கைக்கெட்டும் தூரம்.

போர்ட்டேஜ் ஏரி: படகுச் சவாரி ஒரு மணி நேரம்தான். ஏரியில் போவதால் கடல் அலை கிடையாது, கட்டணமும் குறைவு. கைக்குழந்தையோ, அதிக நேரம் உட்கார முடியாத தாத்தாவோ கூட இருந்தால் இதுவே போதும். இந்தப் பனியாற்றைப் பார்ப்பதற்கென்றே 1986-ல் கரையில் ஒரு பார்வையாளர் மையம் திறந்தார்கள். அதற்குப் பிறகு பனி உருகிப் பின்வாங்கி, மலைமூலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது அந்தக் கட்டடத்தின் ஜன்னலில் பனியாறு தெரியாது, படகில் போனால் பார்க்கலாம்.

விட்டியர்: ஆங்கரேஜிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். இங்கிருந்து படகுகள் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்பகுதிக்குள் போகும். சுற்றிலும் மலையும் தீவுகளும் மறைத்து நிற்பதால் அலை குறைவு. பிளாக்ஸ்டோன் வளைகுடாவுக்குப் போய்வரும் படகும் இருக்கிறது, இன்னும் உள்ளே, காலேஜ் ஃபியோர்டு என்ற ஒடுங்கிய கடற்கிளைப் பக்கம் போவதும் இருக்கிறது. 1899-ல் ஒரு ஆய்வுக்குழு அங்கே போனபோது, ஹார்வர்ட், யேல் என்று அமெரிக்கக் கல்லூரிகளின் பெயரையே பனியாறுகளுக்கு வைத்துவிட்டது. நம்ம ஊர் அமெரிக்கன் கல்லூரி விடுபட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

சீவர்ட்: சுமார் 200 கிலோமீட்டர், காரில் இரண்டரை மணி நேரம். கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்கா இங்கேதான். ஐயாலிக், ஹோல்கேட் பனியாறுகளைப் பார்க்கலாம். திமிங்கிலம், கடல்சிங்கம், பஃபின் பறவை எல்லாம் பார்க்க மூன்றிலும் இதுதான் சிறந்த வழி என்பேன். ஆனால் படகு திறந்த கடலுக்குப் போய் ஒரு முனையைச் சுற்றித் திரும்பும். அந்த இடத்தில் ஆட்டம் காணும்.

சீவர்டில் ஒரு விஷயம் கவனம். நான்கு மணி நேர 'அரைநாள்' படகு மலிவாக இருக்கும். அது பக்கத்து வளைகுடாவிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடும், கடலைத் தொடும் பனியாறுவரை போகாது. ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ உள்ளதைப் பாருங்கள். விளம்பரப் படத்தை நம்பாமல், போகும் பனியாற்றின் பெயர் எழுதியிருக்கிறதா என்று படியுங்கள்.

படி 3: வயிற்றுச் சோதனை

தேக்கடியில் படகில் போயிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். அது அணை நீர், ஆடாது. அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கொடைக்கானல் பஸ் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கைப்பையில் எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறவர் வீட்டில் யாராவது இருக்கிறாரா? இருந்தால் சீவர்டை விட்டுவிடுங்கள், விட்டியர்தான்.

வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் போடக்கூடாது. படகு ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை. படகின் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. போனைக் குனிந்து பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்த்தபடி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

படி 4: மாதமும் முன்பதிவும்

படகுகள் ஏறத்தாழ மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் ஓடும். ஆகஸ்ட் பிறந்தால் மழை கூடும், அதனால் மே கடைசி, ஜூன் என் தேர்வு. விட்டியர் பொல்லாத மழை ஊர். மதுரையில் வருடம் முழுக்கச் சேர்ந்து பெய்வது 85 சென்டிமீட்டர் அளவு, அங்கே ஐந்து மீட்டரைத் தொடும். மழை பெய்தாலும் படகு போகும். மேகமூட்டமான நாளில் பனியின் நீலம் இன்னும் நன்றாகவே தெரியும் என்பதால் மனம் தளர வேண்டாம்.

ஆங்கரேஜில் குறைந்தது மூன்று நாள் வைத்துக்கொண்டு, படகை முதல் நாளிலோ நடு நாளிலோ போடுங்கள். காற்று மோசமானால் கேப்டன் வழியை மாற்றலாம், பயணத்தையே ரத்து செய்யலாம். கடைசி நாளில் போட்டால் மாற்றிப் போக வழி இருக்காது. பதிவு செய்யும்போதே, எத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் பணம் திரும்பும் என்று பார்த்துவிடுங்கள்.

படி 5: கடிகாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் சறுக்கும் இடம் இது. விட்டியருக்குச் சாலை வழி ஒன்றே, அதுவும் மலையைக் குடைந்த சுரங்கம். நீளம் நான்கு கிலோமீட்டர், ஒரே தடம். கார்களும் ரயிலும் அதே தடத்தில்தான். அதனால் ஒரு பக்கத்தை நிறுத்திவிட்டு மறுபக்கத்தை விடுவார்கள். விட்டியருக்குப் போகிற வண்டிகளை ஒவ்வொரு அரை மணிக்கும், அதாவது 9.30, 10.30 என்று, திரும்பி வருகிறவற்றை முழு மணிக்கும் விடுவார்கள். கதவு கால் மணி நேரம்தான் திறந்திருக்கும். தவறினால் அடுத்த ஒரு மணி நேரம் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

படகு 12.30 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 11.30-க்குத் துறையில் இருக்கச் சொல்வார்கள். அப்படியென்றால் 10.30 சுரங்கத்தைப் பிடிக்க வேண்டும், 10.15-க்கே வரிசையில் நிற்க வேண்டும். ஆங்கரேஜில் 8.30-க்கு வண்டியை எடுத்துவிடுங்கள். கடலோரச் சாலை அழகோ அழகு, யாராவது ஒருவர் "நிறுத்து, போட்டோ எடுத்துக்கிறேன்" என்பார். அதற்கும் சேர்த்துத்தான் 8.30. வழியில் கடல் வற்றித் தெரியும் சேற்றுமணலில் மட்டும் இறங்காதீர்கள். கால் புதைந்தால் வெளியே எடுக்க முடியாது, தண்ணீரும் வேகமாக ஏறிவரும்.

வண்டி ஓட்ட ஆள் இல்லையென்றால், ஆங்கரேஜிலிருந்து விட்டியருக்குக் கோடையில் ரயில் உண்டு. ரயிலும் படகும் சேர்த்தே பதிவு செய்யலாம்.

படி 6: உடுப்பு

கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டர் மட்டும் போதாது. ஜூனில் ஊருக்குள் 15 டிகிரி இருந்தாலும் பனியாற்றின் முன்னால் காற்று சில்லென்று வெட்டும். உள்ளே ஒரு தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தித் துணியைத் தோலோடு ஒட்டிப் போடாதீர்கள், நனைந்தால் காயாது. மேல்தளத்தில் அடிக்கிற காற்றில் புடவையைப் பிடிப்பதா, கைப்பிடியைப் பிடிப்பதா என்றாகிவிடும். அம்மாக்கள் அன்று ஒருநாள் பேன்ட் போட்டுக்கொள்வது நல்லது. குரங்குக் குல்லாவைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிக்கட்டும், அங்கே அதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை. வழுக்காத ஷூ, கையுறை, கூலிங் கிளாஸ் வேண்டும்.

படி 7: சாப்பாடு

பல படகுகளில் மதியச் சாப்பாடு கட்டணத்தோடு சேர்ந்தே வரும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே குறிப்பிட வேண்டும், படகில் ஏறிக் கேட்டால் ரொட்டியும் சிப்ஸும்தான் மிஞ்சும். கையில் எடுத்துப்போகலாமா என்று கேட்டுக்கொண்டு, பொடி தடவிய இட்லியோ புளியோதரையோ கட்டிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பொடி கொண்டுபோனால் அமெரிக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். கறிவேப்பிலைக் கொத்து, பழம், கருவாடு மூன்றையும் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

படி 8: பனியாற்றின் முன்னால்

படகு பாதுகாப்பான தூரத்தில் நின்றுகொண்டு இன்ஜின் வேகத்தைக் குறைக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு எல்லோரும் உள்ளிருந்து வெளியே வந்துவிடுங்கள். சுவர் நீலமாகத் தெரியும். பல காலம் அழுந்தி இறுகிய பனி, ஒளியில் உள்ள சிவப்பை உறிஞ்சிவிட்டு நீலத்தை விடுகிறது.

பனி இடிவதை வீடியோ எடுக்க ஒரு தந்திரம். சத்தம் கேட்டுத் திரும்பினால் பாளம் விழுந்து முடிந்திருக்கும், ஏனென்றால் அரை கிலோமீட்டர் தூரத்துச் சத்தம் வந்து சேர ஒன்றரை விநாடி ஆகும். சின்னச் சின்னத் துண்டுகள் உதிரும் இடம் எது என்று பார்த்து, கேமராவை அங்கேயே வைத்துக் காத்திருங்கள். மிதக்கும் பனித்துண்டுகள் மேல் நீர்நாய்களும் சீல்களும் படுத்திருக்கும், அவற்றைக் காட்டிக் கூச்சல் போடக்கூடாது.

சில படகுகளில் பணியாளர் வலைபோட்டு ஒரு துண்டுப் பனியை மேலே எடுத்துக் காட்டுவார். கையில் கொடுத்தால் வாங்கிப் பாருங்கள். கண்ணாடியாக இருக்கும், கனமாக இருக்கும், காதருகே வைத்தால் கோலி சோடா திறந்த மாதிரி உள்ளே சடசடவென்று பொரியும். பனிக்குள் சிறைப்பட்டிருந்த பழைய காற்று, உருக உருக வெளியேறுவதுதான் அந்தச் சத்தம். விரல் மரத்துப்போகும், அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது.

குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள், பவர் பேங்க் ஒன்றும் வேண்டும்.

படி 9: திரும்புதல்

படகு 5.30-க்குக் கரை சேர்ந்தால் 6 மணிச் சுரங்கத்தைப் பிடிக்கலாம். பாத்ரூம் வேலையைப் படகிலேயே முடித்துவிட்டு இறங்குங்கள், துறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசை கட்டுவார்கள். ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெயில் இருக்கும். வெளிச்சம் இருப்பதால் அசதி தெரியாது, ஆனால் காலை எட்டரையிலிருந்து ஓட்டுகிறவருக்குக் கண் செருகும். பக்கத்தில் உட்காருகிறவர் தூங்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பெட்ரோல் அளவைக் காலையிலேயே பார்த்து நிரப்பிவிடுங்கள், இந்த வழியில் பங்க் மிகக் குறைவு.